சிலேட்டில் இருக்கும் தப்பைப் படியுங்கள்: தொடக்கப் பள்ளிக்குப் புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், மூன்றாம் வகுப்புக்கு 52-லிருந்து 28-ஐக் கழிக்கச் சொல்லிக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். மொத்தம் பதினோரு பிள்ளைகள். ஆறு பேர் 36 என்று எழுதிய சிலேட்டை நீட்டினார்கள். பார்த்து எழுதிவிட்டார்கள் என்று நினைத்து ஆளுக்கொரு மூலையில் உட்கார வைத்து மறுபடி போடச் சொன்னேன், மறுபடியும் 36. திட்டினேன், கடன் வாங்கிக் கழிப்பதை இன்னொரு தடவை நடத்தினேன், மறுநாள் 64-லிருந்து 37 கொடுத்தால் 33 வந்தது. ஒரு வாரம் இப்படியே போனது. கடைசியில் சலித்துப்போய் ஒருத்தனைக் கூப்பிட்டு, "இது எப்படிடா வந்துச்சு, எனக்குச் சொல்லிக் குடு" என்றேன். அவன் பொறுமையாகச் சொன்னான்: "எட்டுல ரெண்டு போனா ஆறு, அஞ்சுல ரெண்டு போனா மூணு. பெரிசுல இருந்துதான டீச்சர் சின்னதக் கழிக்கணும்?"

அந்த விதியை அவனுக்கு ஒன்றாம் வகுப்பில் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதே அறையின் இன்னொரு பக்கத்தில் அந்த வருடத்து ஒன்றாம் வகுப்புக்கு நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். பிள்ளை கவனிக்கவில்லை என்று ஒரு வாரம் கத்தினேன், அவனோ சொன்னதை அச்சுப் பிசகாமல் கவனித்திருக்கிறான்.

இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான்: இது எப்படி வந்தது? புதிதாக நியமனம் ஆகி வரும் இடைநிலை ஆசிரியர், கற்பித்தல் பயிற்சிக்கு வரும் மாணவர், தற்காலிகமாகச் சேர்ந்தவர், சும்மா உதவிக்கு வருபவர், யாராக இருந்தாலும் நீங்கள் நுழையப்போவது அநேகமாக ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர். வகுப்புகள் ஐந்து. ஆக, வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்று பயிற்சி நிறுவனத்தில் கற்பனை செய்தது இங்கே இருக்காது. ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகள் உங்களிடம், நான்கும் ஐந்தும் தலைமையாசிரியரிடம், அவர் கூட்டத்துக்குப் போனால் ஐந்தும் உங்களிடம். பயப்பட வேண்டாம், அதற்கும் வழி இருக்கிறது.

முதல் வாரம் புத்தகத்தைத் திறக்காதீர்கள்

ஜூன் மாதம் பாடப்புத்தகம் வந்து அடுக்கியிருக்கும். அப்படியே இருக்கட்டும். யாராவது கேட்டால் ஆயத்தப் பயிற்சி நடக்கிறது என்று சொல்லுங்கள், அது பொய்யும் இல்லை. ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கி, பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகப் பக்கத்தில் உட்கார வைத்துப் பத்து நிமிடம் பேசுங்கள். நாளைக்கு நான்கைந்து பேர் முடிந்தால் போதும்.

முதலில் பேச்சு. ஒரு சந்தைப் படத்தையோ பேருந்து நிறுத்தப் படத்தையோ காட்டி என்ன நடக்கிறது என்று கேளுங்கள். சில பிள்ளை "மாடு" என்று ஒரு சொல்லோடு நிறுத்தும். சில பிள்ளை "இந்த மாடு அந்தத் தாத்தாவை முட்டப் போகுது, ஏன்னா அவரு சிவப்புத் துண்டு போட்டிருக்காரு" என்று கதையே கட்டும். இரண்டாவது பிள்ளைக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாவிட்டாலும் படிப்பில் அது முன்னால் நிற்கிறது, ஏனென்றால் எழுத்தில் வரப்போவதெல்லாம் அதன் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் விருதுநகர்ப் பக்கம் தெலுங்கு பேசும் வீடுகள் நிறைய. திருப்பூர் பக்கம் வேலைக்குப் போனால் இந்தியும் ஒடியாவும் பேசும் பிள்ளைகள் இருப்பார்கள். அது ஏன் முக்கியம் என்று பின்னால் சொல்கிறேன்.

அடுத்து எண்ணிக்கை. ஏழு புளியங்கொட்டையைக் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். ஒவ்வொன்றாகத் தொட்டு "ஏழு" என்று முடித்ததும், "மொத்தம் எத்தனை இருக்கு?" என்று கேளுங்கள். உடனே ஏழு என்றால் நல்லது. மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தால், அந்தப் பிள்ளைக்கு எண்ணுவது என்பது இன்னும் ஒரு பாட்டு, கடைசியில் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை. அப்புறம் ஆறு கொட்டையை நெருக்கமாக ஒரு வரிசையும், அதன் கீழே ஆறு கொட்டையைத் தள்ளித் தள்ளி ஒரு வரிசையும் வைத்து எதில் அதிகம் என்று கேளுங்கள். ஆசிரியர் பயிற்சியில் பியாஜே என்ற குழந்தை உளவியலாளரை ஐந்து மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்தோமே, அவர் சொன்னது இதுதான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் கணிசமான பேர் நீளமான வரிசையைக் காட்டுவார்கள். கண்ணெதிரே எண்ணி முடித்த பிறகும் காட்டுவார்கள். முதல் தடவை பார்க்கும்போது சிரிப்பு வரும், இரண்டாம் தடவை இந்தப் பிள்ளைக்கு நாளைக்கு "ஆறு கூட்டல் நான்கு" நடத்தப்போகிறோமே என்று வயிற்றைக் கலக்கும்.

பல்பத்தை எப்படிப் பிடிக்கிறது, எந்தக் கையில் பிடிக்கிறது, கரும்பலகையைக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறதா, கூப்பிட்டால் எந்தப் பக்கம் திரும்புகிறது, இதையெல்லாம் அந்தப் பத்து நிமிடத்திலேயே பார்த்துவிடலாம். இடக்கையில் எழுதும் பிள்ளையை மாற்றச் சொல்லி வீட்டில் பாட்டி அடிப்பார், நீங்களும் சேர்ந்துகொள்ளாதீர்கள்.

ஒரு பிள்ளையோடு நான் பேசும்போது மற்றவர்களை என்ன செய்வது என்று கேட்பீர்கள். மணல். ஒரு தாம்பாளத்திலோ தகரத் தட்டிலோ சலித்த ஆற்று மணல் பரப்பிக் கொடுத்தால் அரை மணி நேரம் விரலால் எழுதி அழித்து விளையாடுவார்கள். இதில் ஒரு பழைய கதை உண்டு. 1789-ல் மதராஸில் ஆண் அனாதைப் பிள்ளைகளின் விடுதிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்கிற பாதிரியார், இங்கே உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தெரிந்த பிள்ளையை வைத்தே தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். 1797-ல் இங்கிலாந்தில் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார், அங்கே அதற்கு மதராஸ் முறை என்றே பெயர் வந்தது. நம்மூர்த் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை பார்த்த வேலைதான். இரண்டு ஆசிரியர் பள்ளியில் இதை விட்டால் வேறு கதியில்லை: ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒன்றாம் வகுப்புக்குக் கதை சொல்லட்டும். சொல்கிறவளுக்கும் அதில் படிப்பு இருக்கிறது. ஆனால் குச்சியை மட்டும் அவள் கையில் கொடுத்துவிடாதீர்கள், உங்கள் கையிலும் வேண்டாம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடியையும் தடுக்கிறது, மனம் நோகப் பேசுவதையும் தடுக்கிறது.

தரையில் உட்காருங்கள்

நாற்காலியில் உட்கார்ந்தால் தலைதான் தெரியும், சிலேட்டு தெரியாது. பாயில் வட்டமாக உட்கார்ந்து நீங்களும் அதில் ஓரிடம் பிடியுங்கள். பல பள்ளிகளில் சுவரின் அடிப்பகுதியில், பிள்ளையின் உயரத்துக்கு, நீளமாகக் கரும்பலகை பூசியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது செயல்வழிக் கற்றல் காலத்து மிச்சம். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007-08-ல் மாநிலம் முழுக்கப் போன முறை அது. ஆந்திராவில் ரிஷி வேலி பள்ளிக்காரர்கள் உருவாக்கியிருந்த பாட அட்டைகளும், எந்த அட்டைக்குப் பிறகு எது என்று காட்டும் ஏணிப்படியும்தான் அதற்கு முன்மாதிரி. பிள்ளை தன் படியில் எங்கே நிற்கிறதோ அங்கிருந்து அட்டையை எடுக்கும். எனக்கு அந்த முறையில் சில குறைகள் உண்டு, அட்டையை எடுப்பதும் வைப்பதுமே வேலையாகிப் பேச்சு குறைந்துபோனது. ஆனால் அந்தத் தாழ்வான கரும்பலகை போல ஒரு நல்ல சாமான் பள்ளிக்கூடத்தில் வேறு கிடையாது. ஆளுக்கு இரண்டடி இடம் பிரித்துக் கோடு போட்டுப் பெயர் எழுதிக் கொடுங்கள். தப்பெல்லாம் சுவரில் வரிசையாக நிற்கும், ஒரு நடை நடந்தால் வகுப்பு முழுவதையும் படித்துவிடலாம்.

எழுத்துக்கு முன்னால் காது

இனித் தமிழ். பெற்றோர் வந்து கேட்கும் முதல் கேள்வி, "அ ஆ இ ஈ முடிச்சாச்சா?" 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம், ஆக 247 என்று நமக்கும் ஒரு கணக்கு மனதில் ஓடும். அந்தக் கணக்கில் இறங்கினால் தீபாவளி வந்துவிடும், பிள்ளை ஒரு சொல்கூடப் படித்திருக்காது.

நான் செய்வது இது. ஒரு வாரம் வெறும் காதுக்கு வேலை. "மரம்" என்று சொன்னால் கைதட்டிப் பிரிக்க வேண்டும்: ம, ர, ம். "மண்" என்றால் எத்தனை தட்டு? "மாம்பழம்?" தன் பெயருக்கு எத்தனை தட்டு என்று கண்டுபிடிப்பதில் ஒரு நாள் முழுக்கப் போகும், போகட்டும். ஒரே ஒலியில் தொடங்கும் சொற்களைப் பிள்ளைகளே கொண்டுவரட்டும். பிறகு ட, ப, ம மூன்றையும் எடுக்கிறேன். கோடு இழுக்கத் தெரிந்தால் ட வந்துவிடும், ப வந்துவிடும், ம-வுக்குக் கொஞ்சம் கை வளைய வேண்டும். மூன்று எழுத்தும் மேலே புள்ளியும் தெரிந்தாலே படம், மடம், பட்டம், மட்டம் என நான்கு சொல். ஒரு பிள்ளை தானாக எழுத்துக்கூட்டி "பட்டம்" என்று வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கும் பார்வையை ஒரு தடவை பார்த்துவிட்டால் நீங்கள் அகர வரிசைக்குத் திரும்ப மாட்டீர்கள்.

அப்புறம் குறியீடுகள், இங்கேதான் கவனம் வேண்டும். ஆகாரத்துக்குக் கால் ஒன்று தெரிந்தால் வரிசை முழுக்க முடிந்தது. 1978-ல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வருவதற்கு முன் ணா, றா, னா, லை, ளை எல்லாம் தனித்தனி வடிவமாக இருந்தன. வீட்டில் கொள்ளுத்தாத்தா யாராவது இன்னும் அப்படி எழுதிக் காட்டினால் பிள்ளை குழம்பும், அவ்வளவுதான். இகரமும் ஈகாரமும் பெரிய தொல்லை இல்லை. உகர வரிசையில்தான் வண்டி நிற்கும். கு, சு, டு, து, மு என்று நீங்களே எழுதிப் பாருங்கள், ஒரே ஒலிக்கு எத்தனை விதமான வளைவு. "கு" கற்ற பிள்ளை அதே வளைவைப் போட்டு "து" எழுதினால் அது முட்டாள்தனம் இல்லை, ஒரு விதியைப் பிடித்துக்கொண்டு மற்ற எழுத்துக்கும் பூட்டிப் பார்க்கிறது. இந்த வரிசைக்கு மட்டும் அவசரப்படாமல் ஒரு மாதம் கொடுங்கள்.

கொம்பு இன்னொரு கதை. "பெட்டி" என்னும்போது காதில் முதலில் விழுவது ப், பிறகுதான் எ. எழுதும்போதோ கொம்பு முன்னால் வந்து நிற்கிறது. காதை நம்பும் பிள்ளை ப எழுதிவிட்டு அதன் பின்னால் கொம்பைப் போடும். ஒ, ஓ வரிசையில் இரண்டு பக்கமும் காவல் நிற்பதால் இன்னும் சிக்கல். இப்படி எழுதும் பிள்ளையின் பக்கத்தில் "கொம்பு இடம் மாறுகிறது" என்று உங்கள் நோட்டில் குறித்துக்கொண்டு, மணலில் எழுதும்போது வாய்விட்டு "முதல்ல கொம்பு, அப்புறம் ப, பெ" என்று சொல்லச் சொல்லுங்கள். நான்கைந்து நாளில் சரியாகும். ங வரிசைக்கும் ஞ வரிசைக்கும் வாரக்கணக்கில் நேரம் செலவிடாதீர்கள், ஙூ-வை வைத்து அந்தப் பிள்ளை எந்தச் சொல்லை எழுதப்போகிறது?

இனி, எனக்கு மிகவும் பிடித்த தப்பு. இலையின் படத்தைப் பார்த்துப் பிள்ளை "எல" என்று எழுதும். குடைக்கு "கொட", இடத்துக்கு "எடம்", உடம்புக்கு "ஒடம்பு", குளத்துக்கு "கொளம்". சிவப்பு மையில் பத்துச் சுழி போடுவதற்கு முன்னால் கொஞ்சம் நின்று பாருங்கள். கிளியை யாரும் "கெளி" என்று எழுதுவதில்லை, புலியை "பொலி" என்றும் எழுதுவதில்லை. அடுத்த எழுத்து அகரமாகவோ ஐகாரமாகவோ இருந்தால் பேச்சில் இகரம் எகரமாகிறது, உகரம் ஒகரமாகிறது. நீங்களும் நானும் வீட்டில் அப்படித்தான் பேசுகிறோம். பிள்ளையின் காது துல்லியமாக இருக்கிறது, தான் கேட்டதைக் கேட்டபடி எழுதியிருக்கிறது. எழுத்துகள் நன்றாகப் பிடிபட்டுவிட்டன என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இதற்கு நான் சுவரில் இரண்டு பத்தி போடுவேன். ஒன்றுக்கு "வீட்டுச் சொல்" என்று பெயர், மற்றதற்குப் "புத்தகச் சொல்". எல, இலை. கொட, குடை. வந்துச்சு, வந்தது. பிள்ளைகளே புதுச் சொல் பிடித்துவந்து எழுதலாம். வீட்டுச் சொல்லைத் தப்பு என்று ஒரு நாளும் சொல்வதில்லை, சொன்னால் மறுநாளிலிருந்து பாதிப் பேர் வாயைத் திறக்க மாட்டார்கள். இரண்டு வாரத்தில் நாற்பது ஐம்பது சோடி சேர்ந்ததும், ஒரு பெண் பிள்ளை வந்து, "டீச்சர், வீட்டுல கொ சொன்னா புத்தகத்துல கு வருது" என்றாள். எல்லாச் சொல்லுக்கும் அது பொருந்தாது, கொடி எங்கேயும் கொடிதான். ஆனாலும் ஏழு வயதில் அதைக் கண்டுபிடித்தாளே.

வீட்டு மொழியை எழுதி வைக்கச் சொன்னேன் அல்லவா? நம் எழுத்தில் க ஒன்றுதான், கடல், மகன், தங்கம் மூன்றிலும் ஒலி வேறு. தமிழ் பேசும் பிள்ளை "மகன்" என்பதை எழுத்துக்கூட்டி எப்படி வாசித்தாலும், அந்தச் சொல் ஏற்கெனவே தெரியும் என்பதால் கடைசியில் சரியான ஒலிக்கு வந்து சேர்ந்துவிடும். சொல்லே தெரியாத பிள்ளை அந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும். அந்தப் பிள்ளைக்கு எழுத்துப் பயிற்சி கூடக் கொடுத்துப் பயனில்லை, பேச்சுதான் தேவை. நன்றாகப் பேசும் ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்கார வைத்து, இரண்டு பேரையும் தண்ணீர்க் குடம் தூக்க, செடிக்குத் தண்ணீர் ஊற்ற அனுப்புங்கள், தமிழ் தானாக வரும்.

ஆங்கிலத்தைப் பற்றி ஒரே வரி: பாட்டும் "கம் ஹியர், சிட் டவுன், ஓப்பன் த டோர்" போலச் செய்துகாட்டும் கட்டளைகளும் முதல் பருவத்துக்குப் போதும், எழுத்து மெதுவாக வரட்டும்.

படிப்பது போல இருப்பது

சேர்ந்து வாசிக்கும் நேரத்தை நம்பாதீர்கள். நீங்கள் ஒரு வரி சொல்ல, முப்பது வாயும் திருப்பிச் சொல்லும், கேட்க இனிமையாக இருக்கும், அதிகாரி வந்தாலும் மகிழ்ச்சி. எங்கள் பள்ளியில் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒரு பக்கத்தைக் கடகடவென்று வாசித்தான், விரலும் கூடவே ஓடியது. நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு "இது என்ன?" என்றேன். விழித்தான். பிறகு பக்கத்தின் முதல் வரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்து, அந்தச் சொல் வந்ததும் நிறுத்திச் சொன்னான். பக்கம் முழுவதும் காதால் மனப்பாடம்.

இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி: படத்தைக் கையால் மூடுங்கள், நடுவிலிருந்து ஒரு சொல்லைக் கேளுங்கள், அதே எழுத்துகளைக் கொண்டு பாடத்தில் இல்லாத ஒரு சொல்லை எழுதிக் கொடுங்கள். "பட்டம்" வாசிக்கிற பிள்ளை "மட்டம்" வாசிக்கிறதா? மாட்டிக்கொண்ட பிள்ளையை எல்லோர் முன்னாலும் காட்டிக்கொடுக்காதீர்கள். அந்த நினைவாற்றல் சாதாரணமானதல்ல, அதை வைத்துக்கொண்டே எழுத்துக்கு வரலாம்: அவனுக்கு மனப்பாடமான பாட்டையே பெரிதாக எழுதி, சொல் சொல்லாக வெட்டி, மறுபடி அடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். முதல் மாதம் இது சித்திரவதை, நான்கு பேர் கையைத் தூக்கிக்கொண்டு "டீச்சர், டீச்சர்" என்று எம்புவார்கள். ஐந்து எண்ணினால் ஐந்தாவதாக ஒரு கை, பின் வரிசையிலிருந்து, பாதி உயரத்துக்கு எழும்பும். அந்தக் கைக்காகத்தான் காத்திருப்பது.

எண்ணைக் கையில் கொடுங்கள்

தென்னை ஈர்க்குச்சியை விரல் நீளத்துக்கு நறுக்கி ஓர் ஐந்நூறு தயார் செய்யுங்கள், பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுங்கள். கட்டும் வேலையைப் பிள்ளைகளிடமே விடுங்கள், பத்து என்பது ஒரு கட்டு என்பதைக் கை கற்றுக்கொள்ளும்.

நம் எண்ணுப்பெயர்களில் சில பொறிகள் உண்டு. "நூற்று மூன்று" என்று சொன்னால் பிள்ளை 1003 என்று எழுதும். காதில் விழுந்த வரிசைப்படி நூறு எழுதினான், பக்கத்தில் மூன்று எழுதினான், தப்பே இல்லையே. 100 என்று ஓர் அட்டை, 3 என்று ஓர் அட்டை செய்து, மூன்றைக் கொண்டுபோய் நூற்றின் கடைசிச் சுழி மேல் வைக்கச் சொல்லுங்கள், ஒரே நாளில் விளங்கும். தொண்ணூறு இன்னும் மோசம். எழுபது, எண்பது என்று வந்துவிட்டு அடுத்தது "நூறு" ஒலியோடு வருகிறது, 900 "ஆயிரம்" ஒலியோடு தொள்ளாயிரம் என்று வருகிறது, போதாததற்கு ஒன்பதிலேயே ஒரு "பது" ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்பது என்ற இடத்தில் எல்லாம் தமிழ் அடுத்த படியின் பெயரை எடுத்துக்கொள்கிறது. பிள்ளை தொண்ணூற்றிரண்டுக்கு 102 என்று எழுதினால் காதுதான் காரணம். ஒன்பது கட்டும் இரண்டு குச்சியும் எடுத்து வைத்து, இதற்குப் பெயர் தொண்ணூற்றிரண்டு என்று கண்ணால் பார்க்கட்டும்.

இப்போது அந்த 52-க்கு வருவோம். ஐந்து கட்டு, இரண்டு உதிரி. "இதில் 28 எனக்குக் குடு." பிள்ளை முதலில் இரண்டு கட்டு எடுத்துக் கொடுக்கும், அப்புறம் எட்டுக் குச்சி தேடும், கையில் இருப்பது இரண்டு. கொஞ்ச நேரம் உங்களையே பார்க்கும். வாயைத் திறக்காதீர்கள். ஒரு கட்டத்தில் யாராவது ஒரு பிள்ளை, "டீச்சர், கட்ட அவுக்கலாமா?" என்று கேட்கும். அவிழ்க்கலாம். பன்னிரண்டில் எட்டுப் போக நான்கு, மிச்சம் இரண்டு கட்டு, 24. கடன் வாங்குவது என்ற சொல்லை இப்போது நான் பயன்படுத்துவதே இல்லை, ஒரு பையன் "எப்ப டீச்சர் திருப்பிக் குடுக்கணும்?" என்று கேட்ட பிறகு. கட்டை அவிழ்ப்பது என்றே சொல்கிறோம். இரண்டு மூன்று வாரம் குச்சியோடு, பிறகு கோடும் புள்ளியும் வரைந்து, அதற்கும் பிறகுதான் வெறும் எண். குச்சியைச் சீக்கிரம் பிடுங்கினால் 36 திரும்பி வரும்.

அப்புறம் ஒன்றாம் வகுப்பில் "பெரிசுல இருந்து சின்னதக் கழி" என்ற வாக்கியத்தை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள்.

அரும்பு, மொட்டு, மலர்

தமிழ்நாடு அரசு 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை இந்த மூன்று நிலையாகப் பிரிப்பார்கள், பயிற்சி நூலும் அதன்படி. மூன்றாம் வகுப்பில் இருந்தாலும் ஒன்றாம் வகுப்பு நிலையில் நிற்கும் பிள்ளைக்கு அரும்புப் பக்கம். யோசனை சரியானது, மூன்று வகுப்பைச் சேர்த்து வைத்திருக்கும் நமக்கு வேலையும் சுலபம். ஆபத்து எங்கே என்றால், பிள்ளை தன்னைப் பற்றியே "நான் அரும்பு" என்று சொல்ல ஆரம்பிப்பதில். எட்டு வயதுப் பையன் தம்பியோடு உட்கார்ந்து அதே பக்கத்தைப் போட்டால் ஊரே பேசும். அதனால் நிலைக் குழு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். பாட்டு, கதை, சூழ்நிலையியல், செடி கொடி பார்ப்பது எல்லாம் எல்லா நிலையும் கலந்து. தமிழில் அரும்பாக இருப்பவன் கணக்கில் மலராக இருக்கலாம், இரண்டுக்கும் ஒரே குழு போடாதீர்கள். ஆறு வாரத்துக்கு ஒரு தடவை உங்கள் லாங் சைஸ் நோட்டைப் பார்த்து ஆளை மாற்றுங்கள். வளரறி மதிப்பீடு, தொகுத்தறி மதிப்பீடு, பதிவேடு, கைப்பேசியில் ஏற்றுவது எல்லாம் உண்டு, பக்கத்துப் பள்ளி ஆசிரியரிடம் கேட்டால் ஒரு மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடுவார். அது வேறு வேலை, இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

காலை நேரத்தை மொழிக்கும் கணக்குக்கும் வையுங்கள். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்த காலை உணவுத் திட்டத்துக்குப் பிறகு முதல் பாடவேளையே வேறு மாதிரி ஆகிவிட்டது. முன்பெல்லாம் பதினொரு மணிக்கே ஜன்னல் வழியாகச் சத்துணவுக் கூடத்துப் புகையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வெறும் வயிற்றோடு கொம்பு முன்னாலா பின்னாலா என்று யோசிக்க யாராலும் முடியாது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொக்கும், அப்போது களிமண், வரைதல், கதை.

வீட்டில் என்ன சொல்வது

"எம்புள்ள நோட்டுல எதுவுமே எழுதலையே" என்று ஓர் அம்மா கண்டிப்பாக வருவார். தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிற வழியில், நின்றுகொண்டே கேட்பார். செயல்பாடு, கற்றல் விளைவு என்றெல்லாம் விளக்க வேண்டாம். பிள்ளையைக் கூப்பிட்டு, அம்மாவின் கையிலிருக்கும் பையில் அச்சடித்திருக்கும் கடைப் பெயரை வாசிக்கச் சொல்லுங்கள். இரண்டு எழுத்து வாசித்தாலும் போதும், அம்மா முகம் மாறும். வீட்டுப்பாடமாக மூன்று பக்கம் எழுதிவா என்பதற்குப் பதிலாக, ஆச்சியிடம் ஒரு கதை கேட்டுவந்து நாளைக்குச் சொல், வீட்டில் எத்தனை செம்பு இருக்கிறது எண்ணிவா, என்று கொடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் பெற்றோர் வரும்போதும் தாழ்வான கரும்பலகைப் பக்கம் கூட்டிப்போய், பிள்ளை சுவரில் எழுதியிருப்பதைக் காட்டுங்கள், தப்போடு சேர்த்தே காட்டுங்கள். "எல" என்று ஏன் எழுதியிருக்கிறான் என்று நீங்கள் விளக்கினால் அவர்களே இன்னும் நான்கு வீட்டுச் சொல் சொல்லிவிட்டுப் போவார்கள்.

திங்கட்கிழமைக்கு முன் சேர்த்து வைக்க வேண்டியவை: ஒரு படி புளியங்கொட்டை, ஈர்க்குச்சி, சலித்த மணல், இரண்டு தகரத் தட்டு, பல்பம் இரண்டு டப்பா, பழைய காலண்டர் அட்டை, லாங் சைஸ் நோட்டு. ரப்பர் பேண்டு மட்டும் ஒரு பாக்கெட் கூடுதலாக வாங்குங்கள், பாதி முதல் நாளே பிள்ளைகளின் மணிக்கட்டில் வளையலாக வீட்டுக்குப் போய்விடும்.